நெசவாளி மகன் கண்ட வளிவிதி

பட்டு நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்குத் தராசு என்பது அச்சம் தரும் ஒரு பொருள். காஞ்சிபுரத்தில் நூலை எடை போட்டுத்தான் நெசவாளியிடம் கொடுப்பார்கள். நெய்து முடித்த சேலையையும் எடை போட்டுத்தான் வாங்கிக்கொள்வார்கள். பட்டு இவ்வளவு, ஜரிகை இவ்வளவு, கழிவு இவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்கு உண்டு. கணக்கு இடித்தால் கூலியும் குறையும்.

நான் எட்டாம் வகுப்பில் படித்த ஆண்டு அது. கார்த்திகை மாதத்து அடைமழையில், மூன்று சேலைக்கு உரிய பாவு நூலையும் ஊடை நூலையும் அப்பா வாங்கி வந்தார். மழை விடவில்லை. தறிக்குழியில் ஊற்று நீர் ஏறிவிட்டது. தெருவில் பாவு நீட்டவும் வழியில்லை. வேலை பல நாள் தடைப்பட்டு, மூன்றாவது சேலை அறுத்து முடிவதற்குள் பங்குனி வந்துவிட்டது. நல்ல வெயில் நேரத்தில் அதைக் கொண்டு போய்க் கொடுத்தோம். தராசில் வைத்தபோது அந்தச் சேலை கணக்குக்கு 25 கிராம் குறைந்தது.

“25 கிராம் எங்கே போச்சு?” என்று கேட்டார் கணக்குப் பிள்ளை.

“மழையில வாங்கின நூலுங்க. இப்போ காய்ஞ்சு போச்சு” என்றார் அப்பா.

“பட்டு என்ன வாழைத்தண்டா, காயறதுக்கு?”

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். 25 கிராம் பட்டின் விலை கூலியில் பிடிக்கப்பட்டது. திருட்டு என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அப்பா கூறியது முற்றிலும் உண்மை என்பதை நான் பட்டப் படிப்பில் வெப்ப இயற்பியல் கற்றபோதுதான் உணர்ந்தேன். அந்த உண்மைக்கு வழிகோலிய விதியைக் கண்டவரும் ஒரு கைத்தறி நெசவாளியின் மகனே என்பது அதற்கும் பிறகு தெரிந்தது.

காற்று என்னும் கலவை

காற்றில் நீர் எவ்வாறு தங்கியிருக்கிறது? எளிய வினாவாகத் தோன்றினும், பதினெட்டாம் நூற்றாண்டின் அறிஞர்களை இது பெரிதும் அலைக்கழித்தது. கொதிக்கும் நீர் ஆவியாவது புரிகிறது. கொடியில் போட்ட ஈரத்துணி, கொதிநிலைக்கு வெகு கீழே, வெறும் காற்றுப் பட்டே உலர்ந்துவிடுகிறதே, அது எப்படி?

பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரில் வாழ்ந்த லெ ருவா என்பார் 1751ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை கூறினார். நீரில் உப்புக் கரைவதைப் போலக் காற்றில் நீர் கரைகிறது என்றார் அவர். சுடுநீரில் உப்பு மிகுதியாகக் கரைவதுபோல் சூடான காற்றில் நீர் மிகுதியாகக் கரைகிறது. காற்று குளிர்ந்தால் கரைந்தது பிரிந்து பனித்துளியாகிறது. கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது! வேதியியலார் பலரும் இதை ஏற்றுக்கொண்டனர். அவ்வாறாயின், காற்று இல்லாத இடத்தில் நீர் ஆவியாகக் கூடாது. கரைப்பதற்கு அங்கு ஒன்றும் இல்லையல்லவா?

இங்கேதான் ஜான் டால்ட்டன் வருகிறார்.

டால்ட்டன் 1766ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடமேற்கே, ஈகிள்ஸ்ஃபீல்டு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஜோசப் டால்ட்டன் வீட்டிலேயே தறி போட்டு நெய்தவர். மகன் பன்னிரண்டு வயதிலேயே சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிட்டார். பெரிய பல்கலைக்கழகப் படிப்பு எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. அவர் வாழ்ந்த மாவட்டம் ஏரிகளும் குன்றுகளும் நிறைந்தது. மழைக்கும் மூடுபனிக்கும் குறைவே இல்லாதது. 1787ஆம் ஆண்டில் வானிலைக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கிய அவர், 1844இல் இறப்பதற்கு முதல் நாள் வரை அதை எழுதிவந்தார். ஐம்பத்தேழு ஆண்டுகள்! பாரமானி, வெப்பமானி போன்ற கருவிகள் பலவற்றைத் தம் கையாலேயே செய்துகொண்டார்.

இன்னொரு செய்தியையும் இடையில் சொல்லிவிடுகிறேன். டால்ட்டனுக்குச் சிவப்பும் பச்சையும் நமக்குத் தெரிவதுபோல் தெரியா. 1794இல் தம் கண்ணின் இக்குறையைத் தாமே ஆராய்ந்து ஒரு கட்டுரை படித்தார். அரக்கு உடலும் பச்சைக் கரையும் வைத்துக் கோர்வை போடும் நம் ஊர்த் தறியில் அவரை உட்கார வைத்திருந்தால் பாடு திண்டாட்டந்தான்.

மழையையும் பனியையும் கண்டு கண்டு அவர் மனத்தில் ஓர் ஐயம் வேரூன்றியது. 1793இல் வெளியிட்ட வானிலை நூலிலேயே, நீராவி காற்றில் கரைந்து கிடக்கவில்லை, தனிப் பொருளாகவே அதனிடையே பரவியிருக்கிறது என்ற கருத்தை அவர் வெளியிட்டார். அதைச் சோதனையால் நாட்ட மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின.

ஒரு துளி நீரும் பாதரசக் குழாயும்

சோதனை மிக எளியது. பாரமானிக் குழாயில் பாதரசத்தின் மேலே வெற்றிடம் இருக்கும். அதனுள் ஒரு துளி நீரைச் செலுத்தினார். பாதரசம் உடனே சற்றுக் கீழிறங்கியது. காற்றே இல்லாத இடத்தில் நீர் ஆவியாகி, பாதரசத்தை அழுத்துகிறது! கரைப்பதற்குக் காற்று வேண்டும் என்ற கொள்கை அந்த ஒரு துளியிலேயே ஆட்டங்கண்டது. குழாயைச் சுற்றி வெந்நீர் ஊற்றி வெப்பநிலையை மாற்றிப் பார்த்தபோது, வெப்பநிலை ஒவ்வொன்றுக்கும் ஆவியின் அழுத்தம் குறிப்பிட்ட ஓர் உச்சம் வரை ஏறி நின்றுவிடுவதைக் கண்டார். அந்த நிலையைத் தெவிட்டிய நிலை என்கிறோம். 25 பாகை செல்சியசில் இந்த உச்சம் 23.8 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். 35 பாகையில் 42.2 மில்லிமீட்டர். இந்த இரண்டு எண்களையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சேலைக் கணக்குக்கு அவை தேவைப்படும்.

அடுத்து, வெற்றிடத்துக்குப் பதிலாக உலர்ந்த காற்று உள்ள இடத்தில் நீரைச் சேர்த்தார். அழுத்தம் எவ்வளவு கூடியது? வெற்றிடத்தில் கூடிய அதே அளவுதான். காற்று அங்கே இருந்ததையோ இல்லாததையோ ஆவி பொருட்படுத்தவே இல்லை.

1801ஆம் ஆண்டு மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் இம்முடிவுகளை டால்ட்டன் படித்தார். 1802இல் அவை அச்சேறின. வேதிவினை புரியாத வளிகள் ஒரு கலத்தில் கலந்திருக்கும்போது, அவற்றுள் ஒவ்வொன்றும் தான் மட்டுமே அக்கலம் முழுவதையும் நிரப்பியிருந்தால் எவ்வளவு அழுத்தத்தைத் தருமோ அதையே தருகிறது. அதற்குப் பகுதி அழுத்தம் என்று பெயர். பகுதி அழுத்தங்களின் கூட்டுத்தொகையே பாரமானி காட்டும் மொத்த அழுத்தம்.

உலர்ந்த காற்றின் மொத்த அழுத்தம் 760 மில்லிமீட்டர் என்று கொள்வோம். அதில் நைட்ரஜனின் பங்கு சுமார் 593, ஆக்சிஜனின் பங்கு 159, ஆர்கானின் பங்கு 7. கரியமில வாயு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இப்போது ஐப்பசி மாதத்துப் புழுக்கமான ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த அழுத்தம் அதே 760ஆக இருக்க, நீராவி மட்டும் 24 மில்லிமீட்டர் பிடித்துக்கொண்டது. மற்ற வளிகளுக்கு எஞ்சுவது 736. ஆக்சிஜன் 154க்கு இறங்குகிறது, நைட்ரஜன் 575. நீராவி உள்ளே வந்தால் வேறு யாரோ அந்த இடத்தை விட்டு வெளியேறியிருக்க வேண்டும்.

விதி சரி, விளக்கம் தவறு

டால்ட்டன் தம் விதிக்குக் கொடுத்த காரணம் பிழையானது. வளியின் துகள்கள் அசையாமல் நின்று ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருக்கின்றன என்று அக்காலத்தார் பலரும் எண்ணினர். டால்ட்டன் அதன்மேல் இன்னொன்றையும் சேர்த்தார். ஆக்சிஜன் துகள் ஆக்சிஜன் துகளை மட்டுமே தள்ளும். நைட்ரஜன் துகளைக் கண்டுகொள்ளாது என்றார். பிரான்சின் பெர்தொல்லே போன்றோர் இதைக் கடுமையாக மறுத்தனர். டால்ட்டனின் நண்பர் வில்லியம் ஹென்றியே முதலில் ஐயுற்றார். ஆனால் 1803இல், நீரில் வளிகள் கரைவதைப்பற்றி அவர் செய்த சோதனைகளில், ஒரு வளி எவ்வளவு கரையும் என்பது அந்த வளியின் அழுத்தத்தையே பொறுத்தது எனத் தெரியவந்தபோது டால்ட்டன் பக்கம் சேர்ந்துவிட்டார்.

தம் விளக்கம் போதாது என்பதை டால்ட்டனும் பின்னர் உணர்ந்தார். வெவ்வேறு வளிகளின் துகள்கள் வெவ்வேறு பருமனும் எடையும் உடையவையோ என்று எண்ணினார். வளிகள் நீரில் கரையும் அளவு வேறுபடுவதும் அவரை அதே திசையில் செலுத்தியது. 1803 செப்டம்பரில் அணுக்களின் எடைப் பட்டியல் ஒன்றை அவர் தம் குறிப்பேட்டில் எழுதினார். வேதியியலின் அணுக்கொள்கை பிறந்தது இவ்வாறே. மழையைப்பற்றி யோசிக்கப் புகுந்தவர் அணுவில் வந்து நின்றார்!

சரியான விளக்கத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கிளாசியசும் மாக்ஸ்வெல்லும் தந்தனர். வளியின் மூலக்கூறுகள் ஓயாமல் பறந்து சுவரில் மோதுகின்றன. அந்த மோதல்களே அழுத்தம். மூலக்கூறுகளுக்கு இடையே வெறுமை மிகுதி. அதனால் ஒருவகை மூலக்கூறு மோதுவதை மற்றொரு வகை தடுப்பதுமில்லை, கூட்டுவதுமில்லை. மிக உயர்ந்த அழுத்தத்தில் மூலக்கூறுகள் நெருங்கும்போது இந்த விதி பிசகும். நாம் சுவாசிக்கும் காற்றுக்கு அந்தக் கவலை இல்லை.

சென்னைப் பீரங்கிகள்

டால்ட்டன் மான்செஸ்டரில் ஈரத்தை அளந்துகொண்டிருந்த காலத்தில், காஞ்சிக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர் கிழக்கே, சென்னை நுங்கம்பாக்கத்து வானாய்வு நிலையத்திலும் பாரமானியும் வெப்பமானியும் ஈரமானியும் நாள்தோறும் பார்க்கப்பட்டன. அங்கு அரசு வானியலாராக இருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பட்ட பீரங்கிகளின் தீச்சுடரைக் கண்டு, ஓசை வந்து சேரும் வரை விநாடிகளை எண்ணி, ஒலியின் வேகத்தை அவர் அளந்தார். ஒவ்வொரு முறையும் மூன்று கருவிகளின் அளவும் குறிக்கப்பட்டன. முடிவுகள் 1823இல் இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளிவந்தன.

வெப்பமானியில் ஒரு ஃபாரன்ஹீட் பாகை ஏறினால் ஒலி விநாடிக்கு 1.2 அடி விரைவுபடும் என்று கோல்டிங்ஹாம் கணித்தார். இன்றைய கணக்குப்படி அது ஏறத்தாழ 1.1 அடி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்த அளவீடு என்பதை எண்ணும்போது வியப்பாக இருக்கிறது. ஆனால் பாரமானி அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு மாறினால் 9.2 அடி மாறும் என்றும் அவர் எழுதினார். அது சரியன்று. அழுத்தம் கூடும்போது காற்றின் அடர்த்தியும் அதே விகிதத்தில் கூடிவிடுவதால் ஒலியின் வேகம் மாறுவதில்லை. பின் அவருக்கு ஏன் அப்படித் தோன்றியது? சென்னையில் கோடையில் வெப்பநிலை ஏறும்போது பாரமானி இறங்கும். மார்கழியில் குளிரும்போது பாரமானி ஏறும். ஈரமும் பருவத்தோடு சேர்ந்தே மாறும். மூன்றும் கைகோத்து நடந்தால், எது எதைச் செய்தது என்று எப்படிப் பிரிப்பது? கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்ப்பதில் டால்ட்டனுக்கு இருந்த வசதி கோல்டிங்ஹாமுக்கு இல்லை. டால்ட்டனின் கலவை ஒரு குழாய்க்குள் இருந்தது. இவருடையது வானம் முழுதும் பரவியிருந்தது.

ஈரத்துக்கு ஒலியின்மேல் மெய்யாகவே ஒரு சிறு செல்வாக்கு உண்டு. ஈரக்காற்று கனமானது என்று நம் மாணவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் விடை எழுதுகிறார்கள். புழுக்கத்தில் உடம்பு கனப்பதால் காற்றே கனத்ததாக எண்ணிவிடுகிறார்கள் போலும். மேலே கண்ட கணக்கைப் பாருங்கள். நீராவி மூலக்கூறின் எடை 18. அது வெளியேற்றிய காற்றின் சராசரி மூலக்கூற்று எடை 29. ஆகவே, அதே வெப்பநிலையிலும் அதே மொத்த அழுத்தத்திலும் ஈரக்காற்று உலர்காற்றைவிட இலேசானது. அதில் ஒலி சற்று விரைந்து செல்லும்.

நுரையீரலின் கணக்கும் இதே வகையைச் சேர்ந்ததுதான். 1875 ஏப்ரலில் ‘செனித்’ என்னும் பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறினர். இருவர் பிணமாகவே தரையிறங்கினர். மேலேயும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்தான். ஆனால் மொத்த அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டதால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தமும் அந்த அளவுக்கு விழுந்துவிட்டது. உயிருக்குக் கணக்கு விகிதத்தில் இல்லை, பகுதி அழுத்தத்தில்தான் இருக்கிறது என்பதைப் பால் பேர் என்னும் உடலியலார் 1878இல் விரிவாக நிறுவினார். நம் ஊர்களில் பாழுங்கிணற்றில் இறங்குமுன் விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கம் உண்டு. ஆக்சிஜன் மிகக் குறைந்திருந்தால் விளக்கு அணையும். ஆனால் கழிவுநீர்த் தொட்டியில் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, ஒரு மில்லிமீட்டர் பகுதி அழுத்தத்துக்கும் குறைவாக இருக்கும்போதே சில மூச்சுகளில் ஆளைச் சாய்த்துவிடும். விளக்கோ எரிந்துகொண்டே இருக்கும். விளக்கை நம்பித் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. ஆட்களை இறக்கவும் கூடாது.

25 கிராம் போன வழி

இனிச் சேலைக்கு வருவோம். பட்டு ஒரு புரதம். அதன் இழையில் நீர் மூலக்கூறுகள் வந்து ஒட்டும், பிரியும். 1783ஆம் ஆண்டில் சோசூர் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் மனிதத் தலைமயிரைக் கொண்டே ஈரமானி செய்தார். மயிர் ஈரத்தில் நீளும், உலர்ந்தால் சுருங்கும். பட்டும் அத்தகைய உறவினமே. எவ்வளவு நீர் ஒட்டும் என்பதைப் பாரமானி சொல்லாது. நீராவியின் பகுதி அழுத்தம், அந்த வெப்பநிலைக்கு உரிய தெவிட்டிய அழுத்தத்தில் எத்தனை பங்கு என்பதுதான் அதை முடிவு செய்கிறது. இந்தப் பங்கே ஒப்பு ஈரப்பதம்.

நினைவில் வைத்த எண்களை இப்போது எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் வெப்பநிலை 25 பாகை, நீராவி அழுத்தம் 21 மில்லிமீட்டர் எனில் ஒப்பு ஈரப்பதம் 21ஐ 23.8ஆல் வகுக்க வருவது, அதாவது 88 விழுக்காடு. நண்பகலில் வெப்பநிலை 35 ஆகிறது. காற்றிலுள்ள நீராவி அதே 21 மில்லிமீட்டர்தான். ஒரு துளியும் கூடவில்லை, குறையவில்லை. ஆனால் ஒப்பு ஈரப்பதம் 21ஐ 42.2ஆல் வகுத்தால் 50 விழுக்காட்டுக்கு இறங்கிவிடுகிறது. தறியில் விரிந்து கிடக்கும் பாவு இந்த வேறுபாட்டைச் சில மணி நேரத்தில் உணர்ந்துகொள்ளும். மிக உலர்ந்த பட்டு நாடாவின் உராய்வில் மின்னேற்றம் பெற்று ஒன்றோடொன்று ஒட்டும், பிரியும், எளிதில் அறும். வெயில் ஏறுமுன் நெய்துவிட வேண்டும் என்று பெரியவர்கள் பறப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மடித்து வைத்த சேலை இவ்வளவு விரைவில் மாறாது. அதற்கு நாட்கள் ஆகும். கார்த்திகைக்கும் பங்குனிக்கும் இடையேயோ மாதக்கணக்கில் நாள் இருந்தது.

மழை நாளில், ஒப்பு ஈரப்பதம் 85 விழுக்காட்டை ஒட்டியிருக்கும்போது, 100 கிராம் எலும்புலர்ந்த பட்டு ஏறத்தாழ 15 கிராம் நீரை வைத்திருக்கும். 50 விழுக்காட்டில் 9 கிராம் அளவே வைத்திருக்கும். 500 கிராம் என்று எடை போட்டுக் கொடுத்த மழைக்கால நூலில் உண்மையான பட்டு 435 கிராம், நீர் 65 கிராம். பங்குனி வெயிலில் அதே 435 கிராம் பட்டோடு 39 கிராம் நீர்தான் தங்கும். குறைவது 26 கிராம். அப்பாவின் சேலையில் குறைந்தது 25.

ஜரிகையில் பெரும்பகுதி உலோகமாதலால் அதில் இந்த மாற்றம் மிகக் குறைவு. அதனால் ஜரிகை மிகுந்த சேலையைவிட, ஒரே எடையுள்ள, ஜரிகை குறைந்த சேலைதான் தராசில் அதிகம் ஆடும். இதைப் பழைய நெசவாளிகள் சிலர் அனுபவத்தால் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

தராசின் இந்தத் தொல்லை காஞ்சிக்கு மட்டும் உரியதன்று. பட்டு வணிகத்தின் பெருநகரான பிரான்சின் லியோனில், ஈர நூலை விற்றுப் பணம் பறிக்கிறார்கள் என்ற சண்டை ஓயாமல் நடந்தது. 1805இல் நெப்போலியன் ஆட்சியில் அங்குப் பொது எடை நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. 1830களில் தலபோ என்பவர் வகுத்த முறைப்படி, நூலின் மாதிரியை அடுப்பில் நன்றாக உலர்த்தி, உலர் எடையைக் கண்டு, அதனோடு நூற்றுக்குப் பதினொன்று வீதம் நீருக்காகச் சேர்த்து, வணிக எடை இவ்வளவு என்று அறிவித்தனர். பட்டுக்கு இந்தப் பதினொரு விழுக்காடு இன்றும் உலக வணிகத்தில் வழங்குகிறது. மூட்டை மூட்டையாக வாங்கும் வணிகருக்குக் கிடைத்த இந்த நியாயம், ஒரு சேலை ஒரு சேலையாகக் கொடுக்கும் நெசவாளியின் தராசு வரைக்கும் வந்து சேரவில்லை. உலை அடுப்பு வைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஈரவிளக்கு, உலர்விளக்கு வெப்பமானி இரண்டையும் தராசுக்குப் பக்கத்தில் மாட்டி, நூல் கொடுத்த நாளின் ஈரப்பதத்தையும் சேலை வாங்கிய நாளின் ஈரப்பதத்தையும் சீட்டில் எழுதினாலே பாதி வழக்குத் தீர்ந்துவிடும். இப்போது பல கடைகளில் குளிரூட்டும் கருவி வந்துவிட்டது. அந்த அறையின் காற்று வெளிக்காற்றைவிட உலர்ந்தது என்பதையும் எழுதுபவர்கள் கணக்கில் கொள்ள வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு பட்டுக் கண்டியைத் தராசில் தொங்கவிட்டிருக்கிறேன். மாணவர்கள் பருவந்தோறும் அதன் எடையையும் இரண்டு வெப்பமானிகளின் அளவையும் குறிக்கிறார்கள். சென்ற விடுமுறையில் அந்த வரைபடத்தை அப்பாவிடம் காட்டி, டால்ட்டனின் கதையையும் முழுதாகச் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கோடு ஏறுவதையும் இறங்குவதையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

“அவங்க அப்பாவும் நெசவுன்னு சொன்னியே, அவருக்குக் கூலி முழத்துக்கா, எடைக்கா?”